நங்கை வெளியே எறிந்த வெள்ளைத் துணி

நங்கை அந்தத் துணிக்கட்டை இரண்டு விரலால் தூக்கிய விதம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவது போலத் தூக்கினார். ஆஸ்பத்திரி அறையில், என் வீட்டுக்காரரின் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த அலமாரியின் மேல் அதை நான் வைத்திருந்தேன். வெள்ளை பனியன் வேஸ்ட். வெந்நீரில் அலசி, வெயிலில் காயப் போட்டு, தேய்த்து, ஒரே அளவாக மடித்துக் கட்டிக் கொண்டுவந்தது. அதைக் கொண்டுபோய் வராந்தாவிலிருந்த குப்பைத் தொட்டியில் போட்டார். திரும்பி வந்து சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். தூக்கிப் போட்டதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன், கையைக் கழுவியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எங்கள் பக்கம் வீட்டுக்காரரின் அக்காவை நங்கை என்போம். எனக்கு வாய்த்த நங்கை டாக்டர். ஊசி போட்டு மருந்து எழுதித் தருகிற டாக்டர் இல்லை. ரத்தத்தையும் சளியையும் வாங்கி வைத்துக்கொண்டு, அதில் எந்தக் கிருமி இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற டாக்டர். அதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் அவருடைய லேப் இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படித்து முடிப்பதற்குள் மாப்பிள்ளை பார்க்கிற வயது தாண்டிவிட்டது என்று வீட்டில் சொன்னார்களாம். தாண்டினால் தாண்டட்டும் என்று இவரும் விட்டுவிட்டார். திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில்தான் இருந்தார். அதாவது, அவர் வீட்டின் கீழ்ப்பகுதியில் நாங்கள் இருந்தோம். என் வீட்டுக்காரர் அப்படித்தான் சொல்வார்.

பனியன் வேஸ்ட் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். கட்டிங் மேஜையிலிருந்து விழுகிற துண்டுத் துணிதான் அது. திருப்பூரில் எந்த வீட்டிலும் துடைப்பதற்கென்று துணி வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அடுப்பு மேடைக்கு வேஸ்ட், காருக்கு வேஸ்ட், குழந்தை மூக்குக்கு வேஸ்ட், சாமி விளக்குக்கும் வேஸ்ட். கலர் துணியெல்லாம் ஒர்க் ஷாப்புக்குப் போய்விடும். வெள்ளை மட்டும் வீட்டுக்கு வரும். மண்ணரைப் பக்கம் எங்களுக்குக் குழந்தைகள் உடுப்புத் தைக்கிற சின்னக் கம்பெனி உண்டு. அதில் செக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்வது நான். ஒரு பொட்டு எண்ணெய்க்கறை கூடப் படாத வெள்ளை வேஸ்டை நானே பொறுக்கி எடுத்து வைப்பேன். யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால், ஃபிளாஸ்க்கும் தட்டும் எடுத்துவைப்பதற்கு முன்னால் அந்தக் கட்டை எடுத்துவைப்போம். எங்களுக்கு அதைவிடச் சுத்தமான பொருள் உலகத்தில் இல்லை. நங்கையும் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் அவருடைய லேபுக்குள் அந்தத் துணி நுழையக் கூடாது. திருப்பூர்க்காரிக்குப் பனியன் துணி ஆகாதாம் என்று நான் கம்பெனியில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

எனக்கு அவர் மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. கல்யாணமாகி வந்த புதிதில் நான் வைத்த ரசத்தை வாயில் வைத்துவிட்டு, "அக்கா வெக்கிற மாதிரி வல்லீயே புள்ள" என்றார் என் வீட்டுக்காரர். அன்றைக்குத் தொடங்கியது. மாமியார் சீக்கிரமே போய்விட்டதால் அக்காதான் தம்பியை வளர்த்தார். அதெல்லாம் எனக்குப் புரியும். புரிந்தால் பொறாமை போய்விடுமா? புது மெஷின் இறக்கினால் முதலில் மாடிக்கு ஓடிச் சொல்வார். எக்ஸ்போர்ட் ஆர்டர் போனால் மாடிக்கு. தலைவலித்தாலும் மாடிக்கு. என்னிடம் சொல்லும்போது அது பழைய செய்தியாகியிருக்கும். நான் வாய் திறந்தால், "அக்காட்ட கேட்டுட்டேன்" என்று முடித்துவிடுவார். நங்கையோ இதற்கெல்லாம் பெருமைப்பட்டதாகவும் தெரியாது. பெருமைப்பட்டிருந்தால் எனக்குச் சண்டை போடவாவது வசதியாக இருந்திருக்கும்.

பிறகு என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. மாற்று வைத்தே ஆக வேண்டும் என்றார்கள். நான் தருகிறேன் என்று முதலில் போய் நின்றவள் நான்தான். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சேராது என்றார்கள். அவர் ஓ குரூப், நான் பி. எங்களுக்கு ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் பார்த்தார்கள். இந்த ஒரு பொருத்தத்தைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நங்கை ஓ. வேறு என்னவாக இருக்க முடியும்? அவருடைய ஒரு சிறுநீரகத்தை எடுத்து இவருக்கு வைத்தார்கள். புதிதாக வைப்பதை முதுகுப் பக்கம் வைப்பதில்லை, முன்னால் அடிவயிற்றில் வலப்பக்கம் வைத்துத் தைக்கிறார்கள். மெலிந்தவர் என்பதால் தொட்டால் கைக்குத் தட்டுப்படும். உறவுக்காரர்கள் வந்து நங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு சாமி, தெய்வம் என்றார்கள். எனக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இவருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யோசனையாக உட்கார்ந்திருக்கும்போது உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்துக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே நான் வெங்காயம் உரிப்பேன்.

மாற்றுறுப்பு வைத்தவர்களுக்கு உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க ஆயுசு முழுக்க மாத்திரை. அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கட்டிப்போடும். அதனால் கண்ட கிருமியும் நுழையும். நன்றாகத்தான் இருந்தார். ஒரு மழைக்காலம் முடிகிற சமயம், காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. இருமல். படியேறினால் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலில் அங்கங்கே திட்டுத் திட்டாக இருந்தது. நெஞ்சு டாக்டர் பூஞ்சையாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, அதற்கான ரத்தப் பரிசோதனை எழுதினார். அன்றைக்கென்று பார்த்து நங்கை ஏதோ கூட்டத்துக்குக் கோயம்புத்தூர் போயிருந்தார். வார்டு சிஸ்டர் ரத்தம் எடுத்து அனுப்பினார். லேபில் இருந்தவர்கள் பரிசோதனையைப் போட்டார்கள்.

அந்தப் பரிசோதனையைப் பற்றி நங்கை ஒருமுறை சாப்பாட்டு நேரத்தில் விளக்கியிருந்தார். தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு பூஞ்சை பற்றிப் பேச அவரால்தான் முடியும். நம் உடம்பின் செல்லுக்குச் சுவர் கிடையாதாம், மெல்லிய சவ்வுதான். பூஞ்சைக்குக் கெட்டியான சுவர் உண்டு. அந்தச் சுவர் ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலிகளால் கட்டியது. குளூக்கான் என்று ஒன்று. பூஞ்சை நுரையீரலில் வளரும்போது அது உதிர்ந்து ரத்தத்தில் கலக்கும். பூஞ்சையை வளர்த்துக் கண்ணால் பார்க்க நாளாகும். ஆள் அதுவரை தாங்க வேண்டுமே. அதனால் உதிர்ந்த சுவரைத் தேடுகிறோம் என்றார். பழைய வீடு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காரை உதிர்ந்து கிடந்தால் வீடு இருப்பது தெரியாதா, அதுபோல. ஆனால் குளூக்கான் அனேகப் பூஞ்சைகளிலும் இருக்கும், எந்தப் பூஞ்சை என்று அது சொல்லாது. அதற்கு காலக்டோமன்னான் என்று வேறொன்று உண்டு. அது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட பூஞ்சையின் சுவரில்தான் இருக்கும். என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசையாமல் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் பேசினால் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை.

ரத்தம் எடுத்த மறுநாள் காலையில் ரிசல்ட் வந்தது. குளூக்கான் மிக அதிகம். நெஞ்சு டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுப் பொறுமையாகச் சொன்னார். பூஞ்சைதான் போலிருக்கிறது. எந்தப் பூஞ்சை என்று தெரியாததால் எல்லாவற்றையும் அடிக்கிற மருந்தை டிரிப்பில் ஏற்ற வேண்டும். அந்த மருந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். இருப்பது ஒன்று. அது போனாலும் போகலாம், ஆனால் நுரையீரலை விட்டுவிட்டால் ஆளே போய்விடுவார். நான் யோசிக்கவே இல்லை, ஏற்றுங்கள் என்றேன். பயம் ஒரு பக்கம் இருந்தாலும், வியாதிக்குப் பெயர் கிடைத்துவிட்டதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்கூட இருந்தது. என்ன என்று தெரியாமல் காய்ச்சலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் கொடுமை இல்லை.

அப்போதுதான் நங்கை வந்தார். ரிசல்ட் தாளைக் கையில் வைத்திருந்தார். தம்பியைப் பார்த்தார். இவர் எழுந்து சாய்ந்து உட்கார்ந்து, காபியில் சர்க்கரை பத்தவில்லை என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். நங்கையின் கண் அலமாரிக்குப் போனது. துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனதும், திரும்பி வந்து கையைக் கழுவியதும் அப்போது நடந்தவைதான். பிறகு நெஞ்சு டாக்டரிடம், மருந்தைச் சாயந்திரம் வரைக்கும் நிறுத்தி வைக்கச் சொன்னார். அந்த ரிசல்ட்டை நம்ப முடியவில்லை, இவ்வளவு இருந்தால் ஆள் இப்படி உட்கார்ந்து காபிக்குச் சண்டை போட மாட்டான், நானே ரத்தம் எடுத்து மறுபடி பார்க்கிறேன், நுரையீரலைக் கழுவிய நீரையும் பார்த்துவிடலாம் என்றார். அவருடைய லேபில் வந்த ரிசல்ட்டை அவரே நம்பவில்லை என்கிறார். நெஞ்சு டாக்டர் தயங்கித் தயங்கி, சாயந்திரத்துக்கு மேல் காத்திருக்க மாட்டேன் என்று சொல்லி ஒத்துக்கொண்டார்.

எனக்குள் இத்தனை வருஷமாக அடங்கிக் கிடந்ததெல்லாம் கிளம்பி வந்தது. வராந்தாவில் அவரை மறித்து நின்றேன்.

"உங்க கிட்னி போயிருமேன்னு மருந்த நிறுத்தறீங்களாங்க?" என்று கேட்டேன்.

கேட்டது தப்பென்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. எந்தப் பொண்டாட்டியும் கேட்பாள். அந்த மருந்து கெடுக்கப்போவது அவர் கொடுத்த உறுப்பை. நிறுத்தச் சொல்வது அவர். நங்கை என்னை முறைக்கவில்லை, அழவும் இல்லை. அழுதிருந்தால் நான் ஜெயித்திருப்பேன்.

"அது எனக்கு எதுக்கு அம்மிணி? குடுத்தாச்சு" என்றார். "அவனுக்கு இருக்கறது அது ஒண்ணுதான். பூஞ்சைனு தெரிஞ்சா நானே மருந்த ஏத்தச் சொல்றேன். தெரியாமக் கெடுக்க உட மாட்டேன்."

பேச ஒன்றும் இல்லாமல் செய்கிறவர்களோடு காலம் தள்ளுவது எவ்வளவு சிரமம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

நங்கை சிஸ்டரைக் கூப்பிட்டு, நேற்று ரத்தம் எப்படி எடுத்தாய் என்று விசாரித்தார். அந்தப் பெண் தூத்துக்குடிப் பக்கம். அப்பா அம்மா இங்கே ஒரு கம்பெனியில் டைலர்கள். நரம்பு சரியாகக் கிடைக்காததால் சிரிஞ்சில் எடுத்துக் குழாய்க்கு மாற்றியதாகச் சொன்னாள். "குழாய் வாயில ரத்தம் பட்டுட்டு டாக்டர். அதான் அந்த வெள்ளத் துணில தொடச்சு மூடினேன். சுத்தமான துணிதான, இந்த அக்கா தேச்சுல்லா வச்சிருந்தாங்க" என்றாள். அவளுக்குத் துணியை எடுத்து நீட்டியது நான்தான். திருப்பூரில் ரத்தம் சிந்தினாலும் குழம்பு சிந்தினாலும் கை தானாக அங்கேதான் போகும். நங்கை அவளைத் திட்டவில்லை. பருத்தி நூலிலும் பூஞ்சைச் சுவரில் இருப்பதைப் போன்ற சர்க்கரை உண்டு என்றும், ஒரு இழை குழாய்க்குள் விழுந்தால்கூடப் பரிசோதனை ஏமாந்துவிடும் என்றும் சொன்னார். பருத்தியும் பூஞ்சையும் அந்த வகையில் பங்காளிகள். இந்த ஊர்க் காற்றிலேயே பஞ்சு பறக்கிறது, அதனால்தான் என் லேபில் இந்தத் துணியை விடுவதில்லை என்றார். நான் கம்பெனியில் சொல்லிச் சிரித்ததெல்லாம் காதில் வந்து அறைந்தது. அப்போதும் எனக்குத் தோன்றியது என்னவென்றால், இதை முன்னமே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்பதுதான்.

பிறகு அவரே ரத்தம் எடுத்தார். என்னைக் கதவோரம் நிற்கச் சொன்னார், என் சேலை பருத்தி என்று. கையுறை போட்டுக்கொண்டு, இவருடைய மறு கையில் நரம்பு தேடினார். முதல் குத்திலேயே கிடைத்தது. ஸ்பிரிட்டைப் பஞ்சால் துடைக்காமல் தானாகக் காய விட்டார். புதிதாக உறை பிரித்த குழாயில் நேராக ரத்தம் இறங்கியது. ஊசியை எடுத்த பிறகாவது பஞ்சு வைக்கலாமே என்றேன். இந்த அறைக்குள்ளேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குத்திய இடத்தில் தன் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். ரத்தம் நிற்கும்வரை அப்படியே நின்றார். இவர் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் காய்ச்சல் இருந்தது, ஆனால் பயம் இல்லை. சேர்த்த நாளிலிருந்து நான் பக்கத்திலேயே கிடக்கிறேன், எனக்கு அந்த முகத்தை அவர் காட்டவில்லை. அந்தக் கட்டைவிரலை எடுத்துவிட்டு என் விரலை வைக்க வேண்டும் என்று எனக்கு வெறியே வந்தது.

மத்தியானத்துக்குள் நுரையீரலுக்குள் குழாய் விட்டு, உப்புநீர் ஊற்றிக் கழுவி, அந்த நீரையும் எடுத்துப் போனார்கள். எனக்கு அன்றைய சாயந்திரம் வரவே இல்லை. நங்கை கணித்தது தவறாக இருந்தால், அந்த ஒரு பகலில் பூஞ்சை எவ்வளவு தின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பூண்டி முருகனிடம் வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டினேன் என்றால், அவர் பிழைக்க வேண்டும், அதோடு ஒரே ஒருமுறை நங்கை சொன்னது தப்பாகப் போக வேண்டும் என்று. இரண்டும் சேர்ந்து நடக்க வழியே இல்லை என்பது வேண்டி முடித்த பிறகுதான் உறைத்தது. உடனே இரண்டாவதை வாபஸ் வாங்கிக்கொண்டேன். முருகனுக்கு என் குணம் தெரியும்.

சாயந்திரம் நங்கை படியேறி வந்தார். குளூக்கான் இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு. கழுவிய நீரில் காலக்டோமன்னானும் இல்லை. அதே நீரில் டிபி கிருமி தெரிந்தது. பூஞ்சை மருந்தை ஏற்றியிருந்தால் சிறுநீரகமும் கெட்டு, டிபியும் வளர்ந்திருக்கும். டிபி மாத்திரைகளும் மாற்றுறுப்பு மாத்திரையோடு சண்டை போடுபவைதான். அடிக்கடி ரத்தம் பார்த்து, அளவை ஏற்றி இறக்கிக் கொடுத்தார்கள். மெல்லத் தேறினார். மறுபடி கட்டிங் மேஜைக்குப் போய் நின்றார். பார்க்க வந்த ஒரம்பரைச் சொந்தக்காரர்களிடம், அக்கா ரெண்டாம் தடவையும் உசுரு குடுத்தாங்க என்று சொன்னார். அவர்கள் என்னைப் பார்த்து, வேஸ்ட் துணியால் வந்த வினை என்று சிரித்தார்கள். நங்கை மட்டும் அந்தத் துணிப் பேச்சை எடுத்ததே இல்லை. நான் வராந்தாவில் கேட்டதையும் தம்பியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்கும் எனக்கும் கணக்கு நேராகியிருக்கும். சொல்லாமல் இருந்து என்னை ஒரு படி கீழேயே வைத்துவிட்டார்.

சில வருஷம் கழித்து நங்கை போய்விட்டார். ஒரு காலையில் லேபுக்குக் கிளம்பி, மாடிப் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். சாவு வீட்டில் பெண்கள் என் வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டு, அக்கா எங்கயும் போகல சாமி, உன்ற ஒடம்புல இருக்குது என்று அழுதார்கள். நானும் அழுதேன். நெஞ்சு வலிக்க அழுதேன். எனக்கு எதிராக நிற்க அந்த வீட்டில் இனி ஆளில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு காதில் விழுந்தபோது, இறந்த பிறகும் எனக்கு இடம் விடமாட்டீர்களா என்றுதான் மனசு கேட்டது. பொறாமைக்குச் சாவுத் தீட்டெல்லாம் கிடையாது.

இப்போதும் வழக்கமான பரிசோதனைக்கு இவரை நான்தான் கூட்டிப்போகிறேன். போன வாரமும் போனோம். ரத்தம் எடுக்கிற அறைக் கதவில் நின்று என் கைப்பையைத் திறந்தேன். வெள்ளை வேஸ்ட் இல்லாமல் நான் வெளியே கிளம்புவதில்லை, அந்தப் பழக்கம் போகாது. இரண்டு விரலால் அதை எடுத்து வெளியே நாற்காலியில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அன்றைக்கு எடுத்தது பூஞ்சைக்கான ரத்தம் இல்லை, சாதாரண ரத்தம்தான். பஞ்சு வைத்தால் ஒன்றும் ஆகாது. எனக்குத் தெரியும். ஆனாலும் ரத்தம் எடுத்த பெண் நீட்டிய பஞ்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஊசி எடுத்த இடத்தில் என் கட்டைவிரலை வைத்தேன்.

இவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகம், அன்றைக்குப் பார்த்த அதே முகம், இத்தனை வருஷம் கழித்து எனக்குக் கிடைத்தது. இவருடைய மறு கை தானாக அடிவயிற்றுக்குப் போயிருந்தது.

"அக்கா கை மாதிரியே இருக்குது புள்ள" என்றார்.

ரத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. விரலை எடுக்காமல் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.